கூடுதல் இரண்டாம் மாசத்துக் கடைசி நாள்

ரோங்செங் கடற்கரையில் லுவான் யூச்சினின் போபோக் கடை எங்கே என்று யாரும் வழி கேட்கத் தேவையில்லை. பஸ் டிரைவரே இறக்கிவிட்டுக் கை காட்டுவான். மூன்று மாடி, நான்கு ஆவி அடுப்பு, மாவு பிசைய ஏழு பெண்கள். சிவப்பு இலந்தைப்பழம் பதித்துத் தலையணை உயரத்துக்கு உப்பி நிற்கும், ஆவியில் வேகவைத்த வெள்ளைக் கோதுமை உருண்டைதான் போபோ. கல்யாணமா, புது வீடா, புதுப் படகா, யூச்சின் வீட்டுப் போபோ வராமல் சுபகாரியம் ஆரம்பிப்பதில்லை. இதெல்லாம் அப்பன் தேடி வைத்ததா? இல்லை. புருஷன் கொண்டு வந்ததா? அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டே வருஷம் உட்கார்ந்தவள். பதினாலு வயசில் கம்யூன் சமையல்கட்டில் மாவு பிசையப் போனாள். சொந்த வியாபாரத்துக்கு ஊர் கொஞ்சம் கண் திறந்த எண்பத்துநாலாம் வருஷம் ஒரு சைக்கிள், ஒரு மூங்கில் ஆவித்தட்டு, ஒரு மூட்டை மாவு என்று தெருவில் இறங்கியவள். புருஷன் சூ நல்ல மனுஷன், மீன் வலை தைத்துக்கொண்டு பேசாமல் இருந்து பேசாமலே போய்ச் சேர்ந்தான். மிச்சமெல்லாம் யூச்சினின் இரண்டு கை.

அந்தக் கை இரண்டும் மாவு பிசைவதோடு நிற்கவில்லை, பஞ்சாங்கமும் போட்டன. போபோ வியாபாரம் நாள் பார்த்து நடக்கிற வியாபாரம். புது வருஷமும் விளக்குத் திருநாளும் நிலா நடத்துகிற விசேஷங்கள். சமாதி பெருக்கும் நாளும், மீனவர்கள் கடலுக்குப் படையல் வைக்கும் தானிய மழை நாளும் சூரியன் நடத்துகிறவை. நிலாவை மட்டும் நம்பினால் மீன் வருகிற நாளில் கடையில் மாவு இருக்காது. சூரியனை மட்டும் நம்பினால் புது வருஷத்தைக் கோட்டை விட வேண்டியதுதான். படித்தவன் புத்தகத்தைப் புரட்டுவான். யூச்சின் விரல் கணுவைத் தொட்டாள் என்றால் முடிந்தது.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் இரண்டாம் மாசம் இரண்டு தடவை வந்தது. முதல் இரண்டாம் மாசம் முடியப்போகும் ஒரு காலையில், கடையில் பழைய ஆளான ஃபெங்ஷியா மாவுக் கையோடு கேட்டாள்.

"ஏங்க்கா, இந்த வருஷம் ரெண்டாம் மாசத்துக்கு ஏன் எச்சு மாசம் போட்டிருக்கான்? மூணாம் மாசத்துக்குப் போட்டா ஆகாதா?"

"உங்க வீட்டு இஷ்டத்துக்கா போடுவாங்க? இங்க வா."

யூச்சின் பிசையும் பலகைமேல் ஆவித்தட்டு மூடிகளை ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக வைத்தாள். முதல் மூடியின் இடது ஓரத்தில் ஓர் இலந்தைப்பழம்.

"மூடி ஒண்ணொண்ணும் நிலா மாசம்னு வச்சுக்க. இருபத்தொம்பதரை நாள். இந்தப் பழம் இருக்கே, இது சூரியன் வைக்கிற பெரிய படி. வருஷத்துக்குப் பன்னெண்டு. ரெண்டு படிக்கு நடுவுல முப்பதரை நாள். அதாவது மூடி அகலத்தைவிட இடைவெளி கொஞ்சம் அதிகம்." அவள் பழங்களைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போனாள். "நான் இன்னும் கொஞ்சம் தாராளமாவே தள்ளி வைக்கிறேன், உன் மண்டைக்குச் சீக்கிரம் ஏறணும்ல."

ஒவ்வொரு மூடியிலும் பழம் கொஞ்சம் கொஞ்சமாக வலதுபக்கம் நகர்ந்தது. எட்டாவது மூடியில் வலது விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. அடுத்த பழம் ஒன்பதாவது மூடியைத் தாண்டிப் பத்தாவதில் போய் விழுந்தது.

"ஒம்பதுல பழமே இல்லையேக்கா!"

"அதான் எச்சு மாசம். எந்த மாசத்து மடியில எந்தப் படி இருக்கோ அதை வச்சுத்தான் மாசத்துக்குப் பேரு. மடி காலியா இருந்தா பேரு கெடையாது, முந்தின மாசத்துப் பேரையே சொல்லிக்கணும். வர்ற இருபத்தொண்ணாந்தேதி வசந்தப் பாதி நாள். அன்னிக்கே ரெண்டாம் மாசம் முடியுது. அடுத்த பெரிய படி தானிய மழை, ஏப்ரல் இருபது. அன்னிக்குத்தான் மூணாம் மாசமே பொறக்குது. நடுவுல ஒரு நிலா மாசம் முழுசா. கெடச்சதா பழம்?"

"இல்ல."

"இப்படி ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு மாசத்தைச் செருகலேன்னா, வருஷத்துக்குப் பதினோரு நாளா நழுவி, புது வருஷப் பட்டாசை நீ பனியன் போட்டுக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க வெடிப்ப."

பெண்கள் சிரித்தார்கள். ஃபெங்ஷியா மாத்திரம் பழமில்லாத மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது கெடக்கட்டும். எச்சு மாசம் வந்தா எனக்கு ரெண்டு ஜோடி ஷூ. என் பொண்ணுங்க இப்பவே அளவு கேட்டுட்டாளுங்க," என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. சட்டென்று குனிந்து மாவைப் பிசைய ஆரம்பித்தாள்.

ரோங்செங் பக்கத்து வழக்கம் அது. கூடுதல் மாசம் வந்தால் கட்டிக்கொடுத்த மகள் பிறந்த வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு ஷூ வாங்கித் தர வேண்டும். அந்த மாசத்துக்குள் போட்டுவிட வேண்டும். போட்டால் அம்மாவுக்கு ஆயுசு நீளும் என்பார்கள். மாசம் முடிந்து மறுநாள் தந்தால் அது வெறும் ஷூ, கடையில் யாரும் வாங்கலாம். அந்த மாசம் முழுக்கத் தெருவில் கிழவிகள் புது ஷூவைத் தட்டித் தட்டி நடப்பார்கள். நடக்க வேண்டிய வேலை இருக்காது, இருந்தாலும் நடப்பார்கள்.

யூச்சினுக்கு ஒரே மகள், குயூ. எண்பத்தைந்தாம் வருஷம், தானிய மழை நாளில், மீனவர்கள் படையலுக்கு வந்து வரிசையில் நிற்கும்போது மாவுப் பலகைக்குப் பக்கத்திலேயே பிறந்தாள். குயூ என்றால் தானிய மழை. யூச்சின் அந்த நாளின் பெயரையே வைத்தாள். அன்று நிலாக் கணக்கில் மூன்றாம் மாசம் முதல் தேதி. சூரியனும் நிலாவும் ஒரே நாளில் வாசலில் நின்ற பிறப்பு. இப்படி வருவது லேசில் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் ஏறக்குறைய பழைய இடத்துக்குத் திரும்பும். அப்போதுகூட ஒரு நாள் முன்னே பின்னே தவறும். குயூவின் பத்தொன்பதாவது வயசில் ஒரு நாள் தவறியது. அந்த வருஷந்தான் தெற்கே ஹூனானுக்குப் படிக்கப் போனாள்.

போனவள் அங்கேயே ஓயாங் என்று ஒருவனைப் பிடித்துக்கொண்டாள். சோறு தின்கிறவன், மிளகாய் தின்கிறவன், புளித்த மாவு என்றால் என்ன வாசனை என்று தெரியாதவன். யூச்சின் கடையை மகளுக்கென்று கட்டியிருந்தாள். மூன்றாவது மாடி மகளும் உள்ளூர் மருமகன் ஒருவனும் குடியிருக்கத்தான். "கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்," என்று சொல்லிவிட்டாள், போகவும் இல்லை.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு. அந்த வருஷம் நான்காம் மாசம் இரண்டு. கூடுதல் மாசத்தில் குயூ புருஷனோடு வந்தாள். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர். கடை நிறைய ஆள். மருமகன் ஒரு ஜாடி மிளகாய் ஊறுகாயை மேஜைமேல் வைத்தான். குயூ ஒரு பெட்டியைத் திறந்து குனிந்தாள். கறுப்புத் துணி ஷூ, உள்ளே சிவப்பு அட்டை. வரிசையில் நின்ற ஒருத்தி, "பாத்தியா, பொண்ணு தெற்கே போனாலும் வழக்கத்தை மறக்கல," என்றாள்.

அந்த வார்த்தையை யூச்சின் வேறு மாதிரி கேட்டுக்கொண்டாள். ஊரே தன்னைப் பார்த்துப் பரிதாபப்படுவதாகத் தோன்றியது.

"பதினாலு வயசுல இருந்து என் காலுக்கு நானே வாங்கிப் போட்டுக்கறேன்," என்றாள் சத்தமாக. "எவ குடுத்தும் நான் நடந்ததில்ல. ஃபெங்ஷியா, உனக்கும் எனக்கும் ஒரே அளவுதானே? நீ போட்டுக்க."

ஃபெங்ஷியா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "அக்கா, வேணாங்க்கா."

"போடுன்னா போடு."

 குயூ பெட்டியின் மூடியைச் சரியாக மூடி, ஃபெங்ஷியாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாள். மருமகன்தான் வாசலில் நின்று, அந்த ஊர்ப் பேச்சு வராமல், தலையை மட்டும் குனிந்துவிட்டுப் போனான்.

அதற்கப்புறம் ஒன்பதாம் மாசம் இரண்டு வந்தது. யூச்சின் தினமும் வாசலைப் பார்த்தாள், தபால்காரனைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டாள். பிறகு ஆறாம் மாசம் இரண்டு. அப்போது ஒரு பார்சல் வந்தது. ஷூப் பெட்டி அளவேதான். கத்தரிக்கோலைத் தேட நேரமில்லாமல் பல்லால் நாடாவைக் கடித்துப் பிரித்தாள். உள்ளே தாமரை விதை. நல்ல விதைதான், வெள்ளை வெளேரென்று. கஞ்சியில் போட்டுக் குடித்தாள். அடுத்து நான்காம் மாசம் இரண்டு வந்தபோது உலகமே நோய்க்குப் பயந்து கதவைச் சாத்தியிருந்தது. அந்த ஒரு தடவை மட்டும் மகள் வராததற்கு ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

போனில் பேசுவார்கள். புது வருஷத்துக்கு ஒரு தடவை, சமாதி பெருக்கும் நாளில் ஒரு தடவை. இந்த வருஷமும் சமாதி நாளில் குயூ கூப்பிட்டாள். யூச்சின் சமாதியில் படைக்கும் தகைவிலான் குருவி வடிவப் போபோக்களுக்குக் கறுப்பு உளுந்தால் கண் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சமாதிக்குப் போனியாம்மா?"

"போனேன். குருவி வச்சேன். காக்கா தூக்கிட்டுப் போச்சு."

"உடம்பு?"

"எனக்கென்ன, கல்லு."

 யூச்சின் ஓர் உளுந்தைக் குருவியின் கண்ணில் அழுத்தினாள், அது மாவுக்குள்ளே போய்விட்டது.

"இந்த மாசம் இந்தப் பக்கம் வர்ற மாதிரி இருக்கா?" என்று கேட்டாள். அவளால் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

"இந்த மாசம் எங்கம்மா? மே லீவுல பாக்கலாம்."

பாக்கலாம். மே லீவு வரும்போது மூன்றாம் மாசம் பாதி ஓடியிருக்கும். யூச்சினுக்கு அறுபத்தாறு வயசு. அடுத்த காலி மூடி எப்போது வரும் என்று கணுக்களைத் தொட்டுப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அடுத்ததும் வரும், அதற்கடுத்ததும் வரும். வானத்துக்கு அவசரமில்லை.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி காலை அவள் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது ஏழு பெண்களும் வேலையை நிறுத்திவிட்டார்கள். இருபதாம் தேதி தானிய மழை. கடலுக்குப் படைக்க எண்பத்திரண்டு படகுக்காரர்களின் ஆர்டர். கடை திறந்த நாளிலிருந்து அந்தப் படையலை யூச்சின் கைவிட்டதே இல்லை. பிரசவத்தன்றே மறுபடி எழுந்து மாவைத் தொட்டவள்.

"அக்கா, எங்க கெளம்பிட்டீங்க?"

"தெற்கே."

"படையல்?"

"நீ பண்ணு. இருபது வருஷமா பாக்கறல்ல. பாத்தும் வரலேன்னா நான் இருந்து என்ன புண்ணியம்?"

ஃபெங்ஷியா நாளைக் கணக்கிட்டாள். அவளுக்கும் இப்போது கணக்கு வந்திருந்தது. "நாளையோட எச்சு மாசம் முடியுதுல்லக்கா," என்றாள் மெதுவாக. "நீங்க போய்... நீங்களே போயா கேக்கப்போறீங்க? மக கொண்டாந்து குடுக்கணும், அதானே மொறை."

"மொறை எனக்குச் சொல்லித் தர்றியா?"

"இல்லக்கா."

"கடல்காரங்க உருண்டையில வெடிப்பு விட்டா உன் தோலை உரிச்சுடுவேன்," என்று சொல்லிவிட்டு யூச்சின் படியிறங்கினாள்.

ஜீனானில் வண்டி மாறி, இரவெல்லாம் உட்கார்ந்தே போய், சாங்ஷாவில் இறங்கி, பஸ் பிடித்து மகளின் ஊரான ஷியாங்தானுக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம் ஒரு மணி. காலிரண்டும் புளித்த மாவு மாதிரி உப்பியிருந்தன. மகள் வேலை செய்வது மூக்குக்கண்ணாடிக் கடையில். மருமகன் ஒருமுறை படம் அனுப்பியிருந்தான், பெயர்ப்பலகையோடு. பதினோரு வருஷத்தில் அவன்தான் படங்கள் அனுப்பிக்கொண்டிருந்தான். யூச்சின் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை, ஒன்றையும் அழித்ததும் இல்லை. அந்தப் படத்தை நான்கு பேரிடம் காட்டி வழி கேட்டு வந்தாள்.

குயூ வெள்ளைக் கோட்டில் இருந்தாள். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் யாரோ கிழவி வந்து உட்கார்ந்ததை நிமிர்ந்து பார்க்காமலே, "எந்தக் கண்ணு தெரியல?" என்று தெற்கத்திப் பேச்சில் கேட்டாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு."

குயூவின் கையிலிருந்த லென்ஸ் தட்டு மேஜையில் இடித்தது.

"அம்மா? என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எல்லாரும் தின்னுட்டு நல்லா இருக்காங்க."

"நாளன்னிக்கு... நாளைக்குத் தானிய மழைம்மா! படையல் ஆர்டரை விட்டுட்டா வந்த?"

"ஃபெங்ஷியா பாத்துக்குவா."

குயூ அவளையே பார்த்தாள். அம்மாவுடைய தலை இவ்வளவு வெளுத்தது அவளுக்குத் தெரியாது. மகளுடைய கண்ணோரத்தில் சுருக்கம் விழுந்தது யூச்சினுக்கும் தெரியாது. படத்தில் அது விழுவதில்லை. குயூ போனை எடுத்துத் தேதியைத் தள்ளினாள். "நாளைக்கு நிலாவுலயும் மூணாம் மாசம் ஒண்ணு," என்றாள் ஆச்சரியமாக. "என் பொறந்தநாள் ரெண்டும் ஒண்ணா வருது. முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. நீ சொல்லுவியே. அதுக்காம்மா வந்த?"

நல்ல கதவு அது. திறந்தே கிடந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும், மானம் ஒரு சுருக்கம் இல்லாமல் வீடு திரும்பலாம். மகளுடைய பிறந்தநாளுக்கு வந்த அம்மாவை யார் என்ன சொல்வார்கள்? அந்த வார்த்தை யூச்சினின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பக்கத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்றேகால் ஆகியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் இந்த மாசம் சாயங்காலத்தோடு போய்விடும்.

"இல்ல," என்றாள். "இன்னிக்கு என்ன நாள்னு பாரு."

"எச்சு ரெண்டாம் மாசம், இருபத்தொம்பது..." குயூவின் குரல் பாதியில் நின்றது.

"ஷூ கேக்க வந்தேன்," என்றாள் யூச்சின்.

மகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. லென்ஸ்களை ஒவ்வொன்றாக அதனதன் பள்ளத்தில் வைத்தாள். கடைசி லென்ஸை வைத்த பிறகு, "அன்னிக்குக் குடுத்தது என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஃபெங்ஷியா ரெண்டு வருஷம் போட்டா."

"நல்லா உழைச்சுதா?"

"உழைச்சுது. தெனமும் பாத்தேன். அவ படியேறும்போது சிவப்பு அட்டை தெரியும். ஒருநாள் அவ குளிக்கப் போனப்ப கால விட்டுப் பாத்தேன்."  இதை யூச்சின் யாரிடமும் சொன்னதில்லை. "எனக்குச் சரியாத்தான் இருந்துது."

குயூ கோட்டைக் கழற்றினாள். முதலாளியிடம் ஏதோ சொன்னாள், அவர் கையை ஆட்டினார். தெருவுக்கு எதிரே ஷூக் கடை. அங்கே விற்கிற பெண்ணுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. தெற்கே யாருக்கும் தெரியாது. "அம்மாவுக்கு எந்த நம்பர்?" என்றாள்.

"முப்பத்தேழு," என்றாள் குயூ.

"முப்பத்தெட்டு," என்றாள் யூச்சின். "நின்னு நின்னு கால் பரந்துடுச்சு."

கறுப்பு இல்லை. பழுப்பில்தான் இருந்தது, துணி, மெத்தென்ற அடி. குயூ தரையில் உட்கார்ந்து, பழையதைக் கழற்றி, வீங்கிய காலைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஷூவைப் போடாமல் கணுக்காலைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு போட்டுவிட்டு, பெருவிரல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "இடிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"லேசா."

"அப்ப முப்பத்தொம்பது குடுங்க." அதைக் காலில் மாட்டிவிட்டு, போனை நீட்டிப் பணத்தைக் கட்டினாள். யூச்சினின் கை பழக்கத்தில் மடிப்பையை நோக்கிப் போனது. அதை மற்றக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

தெருவைக் கடக்கும்போது குயூ கேட்டாள். "அடுத்தது எப்பம்மா?"

"இருபத்தஞ்சுல. ஆறாம் மாசம் ரெண்டு."

"வெயில் காலம். அங்க கடல் நல்லா இருக்கும் அப்ப," என்றாள் குயூ. வருகிறேன் என்று சொல்லவில்லை. யூச்சினும் கேட்கவில்லை. நடுவில் இருபத்தெட்டு நிலா. ஒருநாளைக்கு இவ்வளவு கேட்டதே அவள் ஆயுசுக்கு அதிகம்.

"எனக்கு ஆறு மணி வரைக்கும் வேலை," என்றாள் குயூ, கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு. "சுவரோரம் இந்த நாற்காலியிலேயே உக்காந்திரு. எங்கயும் போயிடாத."

"எங்க போகப்போறேன்?"

"போயிடுவ. எனக்குத் தெரியும் உன்னை."

யூச்சின் சுவரோரம் உட்கார்ந்தாள். பைக்குள் போன் அலறியது, ஃபெங்ஷியாவாகத்தான் இருக்கும், மாவு பொங்கவில்லை என்பாள் அல்லது பொங்கி வழிகிறது என்பாள். அவள் எடுக்கவில்லை. ஒரு பள்ளிப் பெண்ணின் கண்ணுக்கு முன்னால் குயூ லென்ஸை மாற்றி மாற்றிப் பிடித்து, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இடையிடையே திரும்பி, நாற்காலியில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கடிகாரத்தில் இரண்டு மணி. பதினோரு வருஷத்தைப் பல்லைக் கடித்துத் தள்ளிவிட்டவளுக்கு, ஆறு மணி வரையுள்ள அந்த நாலு மணி நேரந்தான் நகரவே மாட்டேன் என்றது.